மடியிலிருந்து தெரியும் முகம்

பூங்கோதையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, ஞானதுரை ஸ்டுடியோவின் மறுகோடிக்குப் போய் நின்றான். முகப் படங்களுக்கென்றே அவன் வைத்திருந்த எண்பத்தைந்து எம்எம் லென்ஸுக்கு அவ்வளவு தூரம் வேண்டும். அதில் மூக்கும் தாடையும் அளவாக விழும், பின்னாலிருக்கும் சுவர் கரைந்துபோகும். முதல் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ மாதிரி இருக்குதுங்க." திங்கட்கிழமை தனக்கு அறுவை சிகிச்சை என்றும், இடது தாடையில் பாதியை எடுத்துவிடுவார்கள் என்றும், விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். "பாப்பா இன்னும் பேச ஆரம்பிக்கல. மடியில படுத்துக்கிட்டு என்னையே பாத்துட்டு இருப்பா. அவளுக்குத் தெரியற மாதிரி எடுத்துக் குடுங்க." ஞானதுரை தயங்கினான். "அதுக்கு அகல லென்ஸ் போட்டு, ரொம்பக் கிட்ட, கீழ இருந்து எடுக்கணுங்க. தாடை பெருசாத் தெரியும், மூக்கு ஓட்டையெல்லாம் தெரியும். அழகா வராது." "அவளுக்குத் தெரிஞ்ச மூஞ்சி அதுதானுங்களே." அவன் லென்ஸை மாற்றினான். தரையில் உட்கார்ந்து பார்த்தான், கோணம் சரியாக அமையவில்லை. கடைசியில் கேமராவை மேல்நோக்கி அவள் மடியிலேயே கிடத்திவிட்டு, பட்டனில் விரல் வைத்தபடி பக்கத்தில் மண்டியிட்டான். அது சரிந்துவிடாமலிருக்க அவள் ஒரு கையை அடியில் கொடுத்தாள். பிறகு மெல்லக் குனிந்து லென்ஸுக்குள் பார்த்து, "இன்னும் தூங்கலையா நீ?" என்று கேட்டாள்.