ஏறாவூர்த் தண்ணீர்

"ஏறாவூரும் சரிவராது புள்ள" என்றார் உசனார், தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.

கைறுன்னிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏறாவூருக்கு என்ன வந்தது இப்ப?"

"கிணத்துத் தண்ணி உப்பு. வாயில வைக்க ஏலா."

போன மாதம் ஓட்டமாவடி பார்க்கப் போனார். அங்கே நுளம்பும் காய்ச்சலுமாம். இந்த மனிசனைச் சுவர்க்கத்தில் கொண்டுபோய் விட்டாலும், காற்றுக் காணாது என்று திரும்பி வந்துவிடுவார்.

காத்தான்குடியில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் வெளிக்கிட வேண்டியதுதான். மருமகன்மார் கடை வைத்திருந்த ஊர்களிலேயே, மூத்தவள் றமீஸாவுக்கு ஏறாவூரிலும் அடுத்தவள் றஸீனாவுக்கு ஓட்டமாவடியிலும் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. மிஞ்சியது இருக்கிற வீடு. அது கடைக்குட்டி ஜெமீலாவுக்கு.

வெள்ளாமை வெட்டி முடிய நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் ஆளில்லாத வீடு கேட்கிறார்கள். அதற்குள் மூத்த மகள்மார் ஒருத்தியின் வளவில் சின்னதாய் ஒரு குடிசை போட்டு ஒதுங்கிவிட வேண்டும். எந்த ஊரில் என்பதுதான் முடியாத பேச்சாய் இழுபட்டது.

"எங்கட உம்மாவும் உங்களப் போலதான்" என்றாள் கைறுன்னிஸா. "நம்மட கலியாணம் முடிஞ்ச கையோட, இந்தக் கிணத்துத் தண்ணி உப்பு, எனக்கு ஒத்துக்காது எண்டு சொல்லிட்டு, வாழைச்சேனைக்குச் சாச்சி வீட்ட போயிட்டா. நம்மட கிணத்துத் தண்ணி கற்கண்டு போல. குறை சொல்ற வாய்க்கு எல்லாம் உப்புத்தான்."

உசனார் மாட்டிய தொப்பியை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"திரும்ப ஏறாவூருக்குப் போங்க. வரக்குள்ள ஒரு போத்தல் தண்ணி கொண்டு வாங்க. நானே குடிச்சுப் பாக்கிறன்."

இனிப்பாய்த் தொதல் கிண்டி, மகளுக்கென்று பொதியாகக் கட்டியும் கொடுத்தாள்.

மறுநாள் பொழுதுபட வந்தவர் போத்தலை வைத்துவிட்டு மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

உப்புத்தான். ஆனால் கிணற்று உப்பில்லை. சேற்று மணமும் பாசியுமாக, இது ஊரார் ஆறு என்கிற, கடலோடு கலந்த வாவித் தண்ணீர். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவளையா ஏமாற்றுவது? வரட்டும் மனிசன், கேட்கிற கேள்வியில் இரண்டில் ஒன்று தெரிய வேண்டும் என்று வாசலுக்கு வந்தாள்.

வண்டிக்காரன் மஜீட் நின்றான். கையில் அவள் கட்டிய தொதல் பொதி.

"மாமா இத வண்டிலுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாரு மாமி."

அவள் போட்ட முடிச்சு அவிழவேயில்லை.

"மகள்ட வீட்டுக்குப் போகல்லயா மனே?"

மஜீட் தலையைச் சொறிந்தான். "முதல் முறை போனாரு. மருமகன் படலையத் திறக்கல்ல. 'திரும்ப வந்து குந்திறதுக்கா சீதனம் தந்தீங்க' எண்டு கேட்டாரு. றமீஸா ராத்தாவும் உள்ளுக்கு நிண்டவதான். ஒண்டும் பேசல்ல. இந்த முறை மாமா ஆத்தங்கரையிலயே குந்தி இருந்துட்டு வந்தாரு. உங்களுக்கிட்டச் சொல்ல வேணாமாம்."

"ஓட்டமாவடியில?"

"அங்கயும் அதுதான் மாமி."

கைறுன்னிஸா பொதியை வாங்கி முந்தானைக்குள் மறைத்தாள். பெற்று வளர்த்த பிள்ளை, வாப்பா வெயிலில் நிற்கப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பள்ளியால் வந்த உசனார் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சன். நீங்க சொன்னதுதான் சரி. மனிசர் குடிக்கிற தண்ணியா அது?"

அவர் முகம் தெளிந்தது. "நான் சொன்னன்தானே. வேற ஊர் பாப்பம்."

அவர் எதிரில் அழக் கூடாதென்று அவள் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, வாயில் நின்ற உப்புப் போகக் கொப்பளித்துவிட்டுக் குடித்தாள். என்றைக்கும் போல இனித்தது.

இதைத்தான் உம்மா உப்பு என்று சொன்னாள்.

வாளி கையிலேயே இருந்தது. உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய அன்றைக்கு, புதுமாப்பிள்ளை உசனார் படலையடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். கைறுன்னிஸாவும் உள்ளுக்குத்தான் நின்றாள். ஒன்றும் பேசவில்லை.