வீட்டுக்கு ஒரு மந்திரம்

மந்திரம் உலகத்துக்குத் திரும்பி வந்த வருஷம், வீட்டுக்கு ஒன்று என்று அரசாங்கம் பங்கிட்டுக் கொடுத்தது. ஒரே ஒரு தடவைதான் பலிக்கும். அப்பா, அம்மா, ஒரே மகன் என்றிருந்த அந்த வீட்டின் மந்திரம் அம்மாவிடம் இருந்தது.

பல வருஷம் கழித்து, இப்போது இரண்டு கிட்னியும் பழுதாகி அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"இன்னும் எதுக்கும்மா பொத்திப் பொத்தி வெச்சிருக்க? ஒரு வார்த்தை சொன்னா அப்பா எழுந்துடுவார்" என்று அப்பாவின் கட்டிலருகே நின்று கெஞ்சினான் மகன்.

"முடியாதுப்பா."

"அவரை விட மந்திரம் பெருசாப் போச்சா?"

அம்மா அப்பாவின் தலையணையைச் சரிசெய்தாள்.

"உன் நெஞ்சுல இருக்கறது கல்லு!" கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

அப்பா மெல்ல அவள் கையைப் பிடித்தார். "இன்னிக்காவது அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடேன்."

"என்னன்னு? மூணு வயசுல வந்த காய்ச்சல்ல நீ செத்துட்டடா, மந்திரம் சொல்லித்தான் உன்னை எழுப்பினேன்னா? செத்துப் பிழைச்சவன்னு தெரிஞ்சா எவனும் வேலை கொடுக்க மாட்டான், பொண்ணு கொடுக்க மாட்டான். தன்னாலதான் அப்பாவுக்கு மந்திரம் இல்லாமப் போச்சுன்னு அவனும் மருகியே செத்துடுவான். திட்டட்டும். திட்டறதுக்கு உசுரோட இருக்கானே, அது போதும்."

"சரி, என் கதி?"

"மந்திரம் தீர்ந்தா என்ன? எனக்குக் கிட்னி ரெண்டு இருக்கே. உங்களுக்குப் பொருந்தும்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்கு ஆபரேஷன்."

அவர் பதறி எழப் பார்த்தார். "வேணாம், சொன்னாக் கேளு..."

"பேசாமப் படுங்க" என்று அதட்டிப் போர்வையை இழுத்து மூடிவிட்டு, மகனைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள் அம்மா.