பின் சீட்டுச் சண்டை

"இந்தப் படத்தைப் பார்த்தும் ரெண்டும் திருந்தலைன்னா, பெரியவளை ஹாஸ்டல்ல சேர்த்துடறேன். இதுக்கு மேல என்னால முடியாது."

கணவர் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"ஹாஸ்டலெல்லாம் வேணாங்க. படம் முடிஞ்சு வரும்போது ரெண்டும் தோள் மேல கை போட்டுக்கிட்டு வரும், பாருங்க."

அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். பல் பிடுங்கப் பயந்து வாசலோடு நழுவப் பார்க்கிறவர்களைப் பேசியே உள்ளே அனுப்பி வைக்கிறவள். இரண்டு பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவதா பெரிய காரியம்?

பெரியவள் அவருடைய முதல் தாரத்து மகள். சின்னவன் இவளுடைய முதல் கல்யாணத்து மகன். இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்கு வந்த புதிதில் பிள்ளைகள் பரம சாதுவாகத்தான் இருந்தார்கள். பிறகு என்ன வந்ததோ, எலியும் பூனையுமாகிவிட்டார்கள். பெரியவர்களை ஒரு வாக்குவாதத்தை உருப்படியாக முடிக்கக்கூட விடுவதில்லை.

படம் இந்திப் படம். மனைவியை இழந்தவனும் கணவனை இழந்தவளும் கல்யாணம் செய்துகொள்ள, அவர்களுடைய பிள்ளைகள் வீட்டையே போர்க்களமாக்கும் கதை. கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம். கிளினிக்குக்கு வந்த ஒருத்தர் வீங்கிய கன்னத்தோடு சொன்னது. இந்தி தெரியாவிட்டால் என்ன, கீழே தமிழில் எழுத்து ஓடும். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

கிளம்பும்போதே தாமதம். அவர் லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளிலும் எங்கேயோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். காரில் ஏறியதும் அவள் அந்தத் தாமதத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். நீ மட்டும் கண்ணாடி முன்னாடி நிக்கலையா என்று அவர் திருப்பினார். குரல்கள் மெல்ல ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஓர் அலறல்.

"அம்மா, இவ என் காலை மிதிக்கிறா."

"பொய். இவன்தான் என் பையைக் கிழிச்சான்."

முன் சீட்டுத் தகராறு அந்தரத்தில் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே குரலில் அதட்டினார்கள்.

தியேட்டரில் அவள் வேண்டுமென்றே இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. படத்துப் பையன் அக்காவின் செருப்பை ஃபிரிட்ஜில் ஒளித்து வைத்தான். படத்து அக்கா அவன் டீயில் உப்பைக் கொட்டினாள். பெற்றோர் லிஃப்டில் மாட்டிக்கொள்ள, பிள்ளைகள் சேர்ந்து அவர்களை மீட்டு, கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இப்படியெல்லாம் கயிறு கட்டி இழுத்தால் லிஃப்ட் வராது என்று அவர் காதோரம் முணுமுணுத்தார். சும்மா இருங்கள் என்று இடித்தாள்.

இடித்த கையோடு பக்கத்தில் பார்க்கச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே பாப்கார்ன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரே இடத்தில் சிரித்தன. அவள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

அந்த வெற்றி கார் நிறுத்துமிடம் வரைக்கும் இருந்தது.

காரைக் காணோம். எந்த வரிசையில் விட்டோம் என்று அவருக்கு நினைவில்லை.

"அப்பவே சொன்னேன், தூண் நம்பரைப் பார்த்து வைங்கன்னு."

"ஆமா, எல்லாம் உனக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா? எதைச் சொன்னாலும் இதே பேச்சு."

அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், சின்னவன் மிச்சப் பாப்கார்னைப் பெரியவளின் தலையில் கவிழ்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கணவனும் மனைவியும் காரை மறந்துவிட்டு ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். அவளுக்கு மானமே போயிற்று.

ஒருவழியாகக் கார் கிடைத்தது. கதவைச் சாத்தியதும் அவர் நிதானமாகச் சொன்னார், நாளைக்கே ஹாஸ்டலில் பேசப்போவதாக.

இந்த முறை அவள் தடுக்கவில்லை. இத்தனை செய்தும் பலனில்லையே என்ற ஆத்திரம்.

"பேசுங்க. அவளாவது நிம்மதியா படிக்கட்டும்."

பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலையில் ஒரு பாப்கார்ன் இன்னும் ஒட்டியிருந்தது. சின்னவன் கை நீட்டி அதை மெதுவாக எடுத்தான்.

அவள் மகனைப் பார்த்தாள். "இப்ப சந்தோஷம்தானே? இனிமே சண்டை போட ஆளில்லை. வீடு அமைதியா இருக்கும்."

"எப்படிம்மா அமைதியா இருக்கும்?" அவன் குரல் உடைந்தது.

"டேய், சொல்லாத" என்று பெரியவள் அவன் கையைப் பிடித்தாள்.

அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லிவிட்டான்.

"நீயும் அப்பாவும் கத்த ஆரம்பிச்சா, உங்களை நிறுத்தத்தானே நாங்க ரெண்டு பேரும் சண்டை போடுறோம்? அக்கா போயிட்டா, நான் ஒருத்தனே எப்படிம்மா சண்டை போடுவேன்?"