எலுமிச்சை கோலி

ஆறாவது கவரில் இருந்த காற்றை உள்ளங்கையால் தள்ளி வெளியேற்றி, ஜிப்பை இழுத்து மூடியபோது, என் கண்ணே எனக்குப் பட்டுவிடும் போலிருந்தது.

மேசைமேல் ஆறு கவர்கள். மூன்றில் எலுமிச்சையும் பூண்டும், மூன்றில் தயிரும் மிளகும். கோழித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டையாகப் பரப்பியிருந்தேன். அப்படி வைத்தால்தான் ஃப்ரீசரில் சீக்கிரம் உறையும், வெளியே எடுத்தால் சீக்கிரம் இளகும்.

நாளை நான் மருந்துக் கடை வேலைக்குத் திரும்புகிறேன். பக்கவாதம் வந்து படுத்த என் கணவரைப் பார்த்துக்கொள்ள எடுத்த நான்கு மாத விடுப்பு இன்றோடு தீர்ந்தது.

வலது கை இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வார்த்தைகளும் அப்படித்தான், ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று வந்து நிற்கிறது. ஆனால் இடது கையாலும் பல்லாலும் ஜிப் கவரைத் திறக்கப் பழகிவிட்டார். மறுநாளுக்கு வேண்டியதை ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். மதியம் வாணலியில் கொட்டி மூடி போட்டால் முடிந்தது.

போன வாரம் மூன்று நாள் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். தனியாகத்தான் செய்தார். ஒருநாள்கூட அடிப்பிடிக்கவில்லை. நான் சமைத்தால் பிடிக்கும்.

என் நாத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகக் காலையிலேயே காரோடு வந்துவிட்டாள். அவர் போகமாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் அனுப்ப மனமில்லை.

அவளை மேசைக்கு இழுத்து வந்து காட்டினேன். லேபிள்கூட உன் அண்ணன் எழுதியதுதான், நேற்று சாயங்காலம் முழுக்க இடது கையாலேயே எழுதினார் என்று பீற்றிக்கொண்டேன்.

அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் ஒரு கவரை எடுத்துப் படித்தாள். 'எலுமிச்சை கோலி' என்றிருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் கோலிதான்.

சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணனா அண்ணி இப்படி எழுதுறாரு? நீங்க வேலைக்குப் போங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

மறுபடி எழுத வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் நான் நேற்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனம் நோகுமே என்று சொல்லவும் இல்லை.

திருத்திவிடலாம் என்று அவள் பேனாவை எடுத்தாள். அவருடைய இடது கை குறுக்கே வந்தது.

பேனாவை வாங்கிக்கொண்டார். கவரைத் தன் பக்கம் இழுத்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தினார். பாதி வழியில் மறந்து மீண்டும் முதலிலிருந்து வந்தார். நான் உதவவில்லை. அவளையும் விடவில்லை.

'லி'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, 'ழி' என்று எழுதினார்.

போதுமா என்பதுபோல் நான் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் இன்னும் முடித்திருக்கவில்லை. விரல் பின்னால் போனது. 'சை'க்கும் 'கோ'வுக்கும் நடுவே சின்னக் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, அதன் தலையில் ஒரு 'க்' வைத்தார்.

அங்கே ஒரு 'க்' வர வேண்டும் என்று எனக்கும் தெரியாது, இரண்டு பட்டம் வாங்கிய அவர் தங்கைக்கும் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடுத்த பக்கம்" என்று கையை நீட்டினார்.

முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய தன் அண்ணனிடம், நாத்தனார்தான் முந்திக்கொண்டு அடுத்த கவரை நீட்டினாள்.