எட்டணாத் தொண்டை

"கை வண்டி இழுக்கறவனுக்கு எட்டணா ஏது சார்? நீங்களே சொல்லுங்கோ" என்றார் பொருளாளர் சுந்தரராமன்.

கச்சேரி ரோடு கால்பந்து கிளப்பின் காரியதரிசி ராஜநாயகத்தையும் இரண்டு வாரமாக அதே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

இரண்டணாவாக இருந்த பெஞ்சு டிக்கெட்டை எட்டணாவாக ஏற்றியது அவர்தான். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா? மைதானமும் வகுப்பறை மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசை. ஆசை பலித்தது. வெற்றிலை எச்சில் போயிற்று, விசில் போயிற்று, கெட்ட வார்த்தை போயிற்று. வந்த பெரிய மனிதர்கள் கோல் விழுந்தால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கிளப்பும் வரிசையாக நான்கு மேட்ச் தோற்றது.

அப்புறம்தான் அந்த அதிசயம். போன இரண்டு மேட்சிலும் பெஞ்சுப் பக்கம் திடீரென்று இருபது பேருக்கு மேல். வண்டிக்காரன், மீன்காரன், மூட்டை தூக்குகிறவன். அவர்கள் போட்ட கூச்சலில் பெரிய மனிதர்களே இரண்டு பேர் எழுந்து நின்று கத்திவிட்டார்கள். கிளப்பும் இரண்டு மேட்சிலும் ஜெயித்தது.

"டிக்கெட் இல்லாமல் விட்டிருப்பானோ, முருகையன்?" என்று கேட்டார் ராஜநாயகம்.

"அதான் இல்லே! அத்தனை பேர் கையிலயும் டிக்கெட் இருக்கு. காசும் சரியா வந்திருக்கு. எவனோ பந்தயம் கட்டறவன் பணத்தைக் கொட்டி ஆள் இறக்கறான். வாசல்ல டிக்கெட் கொடுக்கற முருகையன்தான் அவனுக்குக் கையாள். ஆத்துல சொன்னேன், அவளும் அதையேதான் சொல்றா."

ராஜநாயகத்துக்கு இன்னொன்றும் தெரியும். போன மேட்ச் அன்று கோல்கீப்பர் விக்டரும் முருகையனும் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு ஆட்டம் முடிந்து பையன்கள் ஒருவன்கூட வழக்கம்போல் ஓட்டலுக்குப் போகவில்லை. "பசியில்லை சார்" என்றார்கள், சொல்லி வைத்த மாதிரி. மைதானம் முழுக்க ஓடினவனுக்குப் பசிக்காதாம்! அப்படியானால் எவன் சோறு போட்டான்?

சனிக்கிழமை அடையாறு டீமோடு கடைசி மேட்ச். தோற்றால் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டியதுதான். அன்றைக்கே முருகையனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை வந்ததும் வேலை நீக்கக் கடிதத்தை எழுதி மடியில் செருகிக்கொண்டார். அழுக்கு வேட்டி கட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி முகத்தை மறைத்துத் துண்டால் முண்டாசு கட்டிக்கொண்டார்.

வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கும்பல். நடுவில் முருகையன். ராஜநாயகமும் போய் நின்றார்.

"காசு கீதா நைனா?"

"இல்லீங்க."

"தொண்டை கீதா?"

ராஜநாயகம் திருதிருவென்று விழித்தார்.

"இன்னா முயிக்கிறே? ஒரு தபா 'கோல்'னு கத்து, பாக்கலாம்."

இருபது வருஷமாக "சத்தம் போடாதே" என்று கத்தி மட்டுமே பழகிய அந்தத் தொண்டையிலிருந்து "கோல்" என்று ஏதோ வந்தது.

"பூனை மாரி கீது. பரவால்ல, போகப் போகத் தொறந்துக்கும். இந்தா." கையில் ஒரு எட்டணா டிக்கெட்டை வைத்து அழுத்தினான் முருகையன்.

அவ்வளவுதான். ராஜநாயகம் முண்டாசை உருவி எறிந்தார்.

"அகப்பட்டாயா! எவன் கொடுத்த காசு இது? எந்தப் பந்தயக்காரன்?"

முருகையன் மிச்ச டிக்கெட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"சார்... சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேன் சார்."

"சொல்லவேண்டாம். இன்றோடு உனக்கு வேலை இல்லை. இதோ கடிதம்."

முருகையன் கடிதத்தைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"மூணு கொயந்தைங்க சார். அதுங்களுக்காவ சொல்லிட்றேன். பந்தயக்காரனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நம்ம டீம் பசங்கதான்."

"என்ன?"

"மேட்சுக்கு மொத நாளு ஆளுக்கு ஒரு ரூபா குடுக்கறீங்கள்ல, பஸ்ஸுக்கும் டிபனுக்கும்? அத்த அப்டியே என்னாண்ட குட்த்துட்றாங்கோ. ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டு. 'சாவு ஊடு மாரி கீது முருகையா, காலே எயும்ப மாட்டேங்குது'ன்னு விக்டரு தம்பி அயுதுட்சி சார்."

"என்னிடம் வந்து விலையைக் குறைக்கச் சொல்லக்கூடாதா?"

"சொல்லிச்சாமே சார். 'ஆடறது உன் வேலை, விலை என் வேலை'ன்னு சொல்லிட்டீங்களாம்."

சொல்லியிருந்தார். சொன்ன தோரணைகூட நினைவுக்கு வந்தது. உள்ளே பையன்கள் மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜநாயகத்துக்கு அவமானமாக இருந்தது. கடிதத்தைச் சுருட்டி மடியில் திணித்துக்கொண்டு, டிக்கெட்டைத் திருப்பி நீட்டினார்.

முருகையன் வாங்கிக்கொள்ளவில்லை.

"வாணாம் சார். விக்டரு தம்பி கோடம்பாக்கத்திலேர்ந்து வெறும் வயித்தோட நடந்து வந்த காசு அது. கையில வாங்கிட்டீங்க, உள்ள போய்க் கத்துங்க!"