பூசணி இளைத்த கதை

"நீ அதுக்குத் தீனி போடறியா, இல்ல தீனியோட படத்தைக் காட்டிட்டு எடுத்துடறியா?"

கணக்கு வாத்தியார் போட்ட சத்தத்தில், எடை மெஷின் மேல் நின்றிருந்த மனைவி திடுக்கிட்டாள். அவள் கையிலிருந்த பூசணி மட்டும் அசையவில்லை.

பூசணி என்பது மகள் அடம்பிடித்து வாங்கிய, முயல்குட்டி அளவிலான கினிப்பன்றி. உருட்டிவிட்ட மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். உடம்பு முழுக்கச் சடை சடையாக முடி. உள்ளே சதை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் வாராவாரம் எடை பார்த்தே ஆக வேண்டும் என்று வாத்தியார் சட்டம் போட்டிருந்தார்.

முறையும் அவர் கண்டுபிடித்ததுதான். அவர் தொட்டால் பூசணி கடிக்கும். மனைவி தூக்கினால் பஞ்சுப் பொதியாகிவிடும். ஆகவே அவள் அதைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏற வேண்டியது. இவர் குனிந்து எண்ணைப் படித்து, அதிலிருந்து மனைவியின் எடையைக் கழித்துவிடுவார். மிச்சம் பூசணி.

"போன வாரம் அரைக் கிலோ. இப்ப முந்நூறு கிராம்! வாங்கினப்ப ஒரு கிலோவுக்கு மேல இருந்துச்சு. இப்படியே போனா அடுத்த மாசம் மைனஸ்லதான் நிக்கும்."

"கேரட், வெள்ளரி, புல்லு எல்லாம் போடறேங்க. ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கிறதில்ல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்மா. மெஷின்ல மறைக்க முடியாது."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை. "அம்மா, பூசணி செத்துப் போயிடுமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு உயிரை வீட்ல வெச்சிருக்கோம்னா வேளாவேளைக்குத் தட்டை நிரப்பினா மட்டும் போதாது" என்றார் வாத்தியார். "அது எப்படி இருக்குன்னு பார்க்கணும். அதுக்குக் கண்ணு வேணும்."

மனைவி பூசணியைக் கூண்டில் விட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

அன்று மாலையே மூன்று பேரும் கூண்டோடு விலங்கு மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே நல்ல கூட்டம். வலதுபக்கம் ஒரு நாய் குரைத்தது, இடதுபக்கம் ஒரு கிளி அதை அப்படியே திருப்பிக் குரைத்தது. அந்த அமளியிலும் மனைவி சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வாத்தியார் முழங்கையால் இடித்தார். "பூசணி இந்த நிலைமையில கிடக்கு, உனக்குத் தூக்கம் எப்படித்தான் வருதோ!"

அவள் பதறி எழுந்து, மகளின் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக் காலி செய்தாள்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பூசணியின் பல்லைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், ஒரு பெட்டியில் போட்டுத் தராசில் வைத்தாள்.

"ஒண்ணேகால் கிலோ. கொஞ்சம் குறைச்சாக்கூட நல்லதுதான்."

"உங்க தராசு தப்பு" என்றார் வாத்தியார்.

"காலையிலதான் சார் சரிபார்த்தோம்."

"அப்ப என் கணக்கு தப்பா? பாதி ஊருக்குக் கழித்தல் சொல்லிக் குடுத்தவன்மா நான்!"

"நீங்க எப்படி எடை பார்க்கிறீங்க?"

வாத்தியார் கரும்பலகை இல்லாத குறையாகக் கையை வீசி வீசி விளக்கினார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"சரி சார். இவங்க எடையைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"மெஷின் வாங்கின அன்னிக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்கு? அது மாறிலி. அதாவது, மாறவே மாறாத எண்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார்.

டாக்டரம்மா மூலையைக் காட்டினாள். பெரிய நாய்களை நிறுத்துகிற எடை மேடை. "ஒரு நிமிஷம் ஏறி நில்லுங்கம்மா."

"நாய் நிக்கிற இடத்துலயா?" என்று கூச்சப்பட்டபடி மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

வாத்தியார் வழக்கம்போலக் குனிந்து எண்ணைப் படித்தார். மனசுக்குள் கழித்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை கழித்தார். இத்தனை வாரமாகப் பூசணியின் கணக்கில் குறைந்த கிராம் எல்லாம் மனைவியிடமிருந்துதான் போயிருந்தது.

"அசதியா இருக்கா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"பூசணிக்கா? இல்லைங்க டாக்டர், கூண்டுக்குள்ள ராட்டினம் மாதிரி சுத்துது."

"உங்களுக்குத்தாம்மா."

மனைவி சட்டென்று கணவரைப் பார்த்தாள். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி, "கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது. உட்கார்ந்தா கண்ணு சொருகுது" என்றாள். உடனே, "அது கிடக்கட்டும். பூசணிக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஆனா நீங்க நாளைக்கே போய்ச் சர்க்கரை இருக்கான்னு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க."

மேடையிலிருந்து இறங்கிய மனைவியின் கையை வாத்தியார் பிடித்துக்கொண்டார். வளையல் தொளதொளவென்று ஆடியது.

"நாளைக்கு எதுக்கு டாக்டர்? இப்பவே நீங்களே பார்த்து ஏதாவது மருந்து குடுங்களேன்!" என்றார் பதற்றமாக.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள்.

"நான் வாயில்லா ஜீவன்களை மட்டும்தான் பார்ப்பேன் சார். இவங்களுக்கு வாய் இருக்கு. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."