உறை பிரிக்காத மெஷின்

வலசை வந்த நாரை, எலிகளுக்கு நெல் உலர்த்தும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. மறுவருஷம் மழையோடு மழையாக வந்து பார்த்தால், கொட்டகை நடுவில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக மெஷின் நிற்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“இதை யாரு ஓட்டுறது?” என்று கேட்டது நாரை.

“ஓட்டுறதா? துடைக்கவே நாலு பேரைப் போட்டிருக்கோம்ங்க,” என்றார் எலித்தலைவர்.

“அப்போ நெல்லு?”

தலைவர் வாசலுக்கு வெளியே கைகாட்டினார். ஒரு வருஷச் சாப்பாட்டு நெல் மழையில் நனைந்து, பச்சைப்பசேலென்று முளைத்துக் கிடந்தது.

“இங்கேதாங்க இருந்துச்சு. மெஷினுக்கு இடம் வேணும்னு வெளியே கொட்டிட்டோம். ஆனா பாருங்க, மெஷின் மேல ஒரு சொட்டு ஈரம் படலை!”